பானட்டுக்குள் கை நுழையுமா?

திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில் ராத்திரி பத்து மணிக்கு ஓர் ஆல்டோவின் முகப்பு விளக்கு போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பானட்டைத் தூக்கி, விளக்கின் முதுகில் செருகியிருக்கும் மூன்று முனை பிளக்கை இழுத்து, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கிளிப்பை நெம்பினால் பல்பு கையோடு வந்துவிடும். எச்4 என்ற 60/55 வாட் பல்பு அது. மாருதி 800-க்கும் அதுதான், பொலேரோவுக்கும் அதுதான். கார் சாமான் விற்கும் எந்த நெடுஞ்சாலைக் கடையிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதே இடத்தில் எல்இடி விளக்கு வைத்த புது எஸ்யூவி ஒன்று நின்றால் கதை வேறு. பல மாடல்களில் மாற்றுவதற்குப் பல்பு என்று தனியாக எதுவும் இல்லை. விளக்கு மொத்தமும் ஒட்டி மூடிய ஒரே பெட்டி. அதைக் கழற்ற முன் பம்பரை இறக்க வேண்டியிருக்கும். டிரைவர் ஒற்றைக் கண் வெளிச்சத்தில் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எந்தக் காரை நாமே பழுது பார்த்துக்கொள்ளலாம், எதில் கை வைக்கக் கூடாது என்ற கேள்வி இந்தப் பல்பிலேயே பாதி அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி ஊரைப் பொறுத்தது. அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டிய கொட்டகை, சுவர் நிறைய ஸ்பேனர், ஞாயிற்றுக்கிழமை முழுக்க நேரம் என்று ஒரு பழக்கம் உண்டு. மதுரையில் கார் நிற்பது பெரும்பாலும் தெருவில். எனவே இங்கே ‘நாமே’ என்றால் அதில் உரிமையாளர், டிரைவர், மூலையில் வேப்பமரத்தடியில் பெட்டி போட்டிருக்கும் மெக்கானிக் அண்ணன் மூவரும் சேர்த்திதான். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகாமல் இந்த மூவருக்குள் வேலை முடிந்தால் அது எளிய கார். முடியாவிட்டால் கடினமான கார்.

அதை முடிவு செய்வது மூன்று விஷயங்கள். எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவில் கை நுழைகிறதா என்பது முதலாவது. சாமான் பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. புதிதாக மாட்டிய சாமானை வண்டியின் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்கிறதா என்பது மூன்றாவது. முதல் இரண்டும் கார் பிறந்த காலத்திலிருந்தே உள்ள சிக்கல்கள். மூன்றாவது இந்தியாவில் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வந்து சேர்ந்தது, இப்போது மற்ற இரண்டையும் ஓரங்கட்டிக்கொண்டிருக்கிறது.

பழுது பார்ப்பது மதுரைக்குப் புதிதல்ல. 1911-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும் டிவிஎஸ், டி.வி.சுந்தரம் ஐயங்கார் இந்த ஊரில் ஆரம்பித்த பஸ் தொழிலிலிருந்து வளர்ந்தது. மேல வெளி வீதியில் அதன் கட்டடம் இருக்கிறது. டிவிஎஸ் நகர் என்று ஒரு குடியிருப்பே உண்டு. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்த நிறுவனம் கரியை எரித்து வாயு எடுக்கும் சாதனம் செய்து வண்டிகளில் பொருத்தியது. ‘டிவிஎஸ் கேஸ் பிளான்ட்’ என்று அதற்குப் பெயர். காற்றை அளந்து விட்டு மரக்கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த எரிவாயு வரும். அதைக் குழாய் வழியே எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும், இழுவை குறைவு என்றாலும் ஓடும். அன்றைய எஞ்சின் எந்த எரிபொருள் வருகிறது என்று கேட்கவில்லை. வெடிக்கிற எதையும் எடுத்துக்கொண்டது.

இதே கதையின் இன்னும் கடுமையான வடிவம் ஐம்பது ஆண்டு கழித்துக் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வருவது நின்றபோது அங்கிருந்தவர்கள் பழைய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, பற்றவைப்பைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ளலாம், எரிபொருள் கலவையை ஒரு திருகாணி முடிவு செய்யும். அதனால்தான் முடிந்தது. புகை கண்ணைக் கரித்தது, ஆனாலும் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைய பெட்ரோல் கார் எதிலும் இதை நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த ஆஸ்டின் ஏ50 கேம்பிரிட்ஜின் 1489 சிசி எஞ்சினின் உடன்பிறப்புதான் நம் அம்பாசடரின் பானட்டுக்குள்ளும் இருந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரிஸ்’ குடும்பம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அப்படியே எடுத்து 1950-களின் கடைசியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய கார், வங்காளத்து உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை வந்துகொண்டிருந்தது. பழுது பார்க்க எளிய கார் எது என்று ஐம்பது வயது தாண்டிய மெக்கானிக் எவரைக் கேட்டாலும் இந்தப் பெயர்தான் முதலில் வரும்.

காரணத்தை ஒரு வேலையில் பார்க்கலாம். அம்பாசடர் திணறுகிறது, வெடித்து வெடித்து ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பிடித்திருப்பது இரண்டு கிளிப்புகள்தான், விரலால் தள்ளினால் விடும். உள்ளே ரோட்டரை உருவினால் பாயிண்ட் தெரியும். கறுத்திருந்தால் உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு. பிறகு இடைவெளியைச் சரி செய்ய வேண்டும், சுமார் 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் கெட்டி அட்டைத் துண்டை விட்டுப் பார்த்தே திருகை இறுக்குவார்கள். மூடியை மாட்டி, செல்ஃப் எடுக்காவிட்டால் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி ஒரு சுற்று. பேட்டரி செத்தாலும் கார் கிளம்பும். பானட்டைத் திறந்தால் எஞ்சினின் இரண்டு பக்கமும் தரை தெரியும், கீழே விழுந்த நட்டைக் குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஏக்கத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். அம்பாசடரைச் சுலபமாகப் பழுது பார்க்க முடிந்ததைப் போலவே அது அடிக்கடி பழுதும் ஆனது. முன் சக்கரத்தின் கிங்பின்னுக்கு விடாமல் கிரீஸ் அடிக்க வேண்டும், பாயிண்ட் தேயும், கோடையில் ரேடியேட்டர் பொங்கும். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை மாதம் இரண்டு முறை வந்தால் அதை எளிமை என்று சொல்லலாமா? வாடகைக்கு ஓட்டிய டிரைவர்களுக்கு இதற்கான பதில் தெரியும். 1983-ல் மாருதி வந்த பிறகு அவர்களில் பலர் மாறத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்கு முன் சென்னையை ஒரு எட்டு பார்த்துவிட வேண்டும். அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரைச் செய்தது. பிரிட்டனின் டிரயம்ஃப் ஹெரால்டுதான் இது. இந்தியச் சாலைகளில் ஓடிய கார்களில் கை நுழையும் விஷயத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. பானட் மட்டும் திறக்காது. மட்கார்டுகள், விளக்கு, கிரில் எல்லாம் சேர்ந்த முன்பாகம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து எழும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். இவ்வளவு இருந்தும் கார் நிலைக்கவில்லை. கம்பெனி மூடியதும் சாமான் வறண்டது. கை நுழைந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் மாநிலத்தின் முதல் சாட்சி ஹெரால்டுதான்.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதிக்கான சாவியைக் கொடுத்தார். அந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினின் வம்சம் பிறகு ஆம்னியிலும் ஆல்டோவிலும் தொடர்ந்து, ஆல்டோ 800 நின்ற 2023 வரை ஓடியது. நாற்பது ஆண்டுகள். மாருதி 800 மட்டும் 2014 ஜனவரி வரை வந்தது, நாட்டுக்குள் விற்றது 26 லட்சத்துக்கும் மேல். மதுரையில் பழுது பார்க்க எளிய கார் என்ற பட்டத்தை ஒன்றுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் இந்தக் குடும்பத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அம்பாசடருக்கு இல்லை.

எஞ்சின் சிறிது, கார் மொத்தமும் சுமார் 650 கிலோதான். 10, 12, 14, 17 ஆகிய நான்கு ஸ்பேனர் இருந்தால் முக்கால்வாசி வேலை நடக்கும். அங்குல அளவு நட்டுகளோடு அம்பாசடர் படுத்திய பாடு இதில் கிடையாது. பிரேக் பேட் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நட்டுகளை நெகிழ்த்தி, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, அதையே படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். ஜாக்கி நழுவினால் உயிரைக் காப்பது அந்தச் சக்கரம்தான். காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் காலிப்பர் மேல்நோக்கி மடங்கும், தேய்ந்த பேட் இரண்டும் கையில் வரும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மேலே ஏறி வழியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் ஜாக்கிரதை. புது பேட் மாட்டி, போல்ட் இறுக்கி, கிளம்புவதற்கு முன் பெடலை நாலு தரம் மிதித்துக் கெட்டியாக்கிவிட வேண்டும். இதை மறந்து முதல் திருப்பத்தில் சுவரை முட்டியவர்கள் உண்டு.

சாமானோ, உற்பத்தி நின்ற மாடலுக்கும் கிடைக்கிறது. ஒரே எஞ்சின் மூன்று நான்கு மாடல்களில் உட்கார்ந்திருந்ததால் கடைக்காரர் துணிந்து வாங்கி வைக்கிறார். ஒரிஜினல், வெளிக் கம்பெனி, டூப்ளிகேட் என மூன்று விலையில் அடுக்கி வைத்திருப்பார். இதில் டூப்ளிகேட்டைத் தொடாமல் இருப்பது நல்லது. கிளட்ச் பிளேட்டில் மிச்சம் பிடித்த காசு இரண்டாம் தரம் கியர்பாக்ஸை இறக்கும் கூலியில் போய்விடும்.

ஆம்னி தனி ஜாதி. அதன் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில். இருக்கையைத் தூக்கினால் பிளக், ஃபில்டர் எல்லாம் மடிக்கு நேரே. மழை பெய்தால் வண்டிக்குள் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். சித்திரை வெயிலில் அதே எஞ்சினுக்கு மேல் உட்கார்ந்து மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றிப் போனவருக்கு இந்த வசதியின் மறுபக்கம் தெரியும். 2019-ல் ஆம்னி நின்றது. இருக்கைக்கு அடியில் எஞ்சினோடு ஈக்கோ தொடர்கிறது.

ஹூண்டாய் சான்ட்ரோவையும் இந்த வரிசையில் சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து வந்த இந்தக் கார் தமிழ்நாட்டில் எங்கும் பரவியதால் சாமானுக்குக் குறைவில்லை. ஆனால் அதில் டைமிங் பெல்ட் உண்டு. பெல்ட்டை மாற்றும்போது குறிகள் ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. யூடியூபைப் பார்த்துக்கொண்டு வீட்டில் செய்கிற வேலை இல்லை இது.

மதுரையைத் தாண்டி உசிலம்பட்டி, காரியாபட்டி, கல்லுப்பட்டி என்று கரிசல் பக்கம் போனால் பேச்சு டீசலுக்கு மாறும். அங்கே பொலேரோ ராஜா. 2000-ல் வந்த இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ், பின்னால் லீஃப் ஸ்பிரிங், தரையிலிருந்து நல்ல உயரம். ஜாக்கி இல்லாமலே சாக்கை விரித்து அடியில் படுத்துவிடலாம். முதல் பத்தாண்டில் வந்த 2,523 சிசி எஞ்சின்களில் டீசல் பம்ப் முழுக்க இயந்திர வேலை. டேங்க் வறண்டு காற்று புகுந்து நின்றுவிட்டால் ஃபில்டர் மேலுள்ள நட்டை இளக்கி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் முதலில் நுரை, பிறகு குமிழி, அப்புறம் சுத்த டீசல் வரும். நட்டை இறுக்கிச் செல்ஃப் அடித்தால் வண்டி உறுமும். ‘ஏர் எடுக்கிறது’ என்ற இந்த வேலை டிராக்டர் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும். 2000 முதல் 2005 வரை வந்து, ராமேஸ்வரம், கொடைக்கானல் டூர் வண்டியாக மதுரையைச் சுற்றிய டொயோட்டா குவாலிஸின் டீசலும் இந்த வகைதான்.

டீசல் எஞ்சினில் காமன் ரெயில் வந்த பிறகு நட்டை இளக்கும் வித்தையே ஆபத்தாகிவிட்டது. ஓடும் எஞ்சினில் நாசில் பைப் நட்டை இளக்கி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். காமன் ரெயில் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். நட்டை இளக்கினால் ஊசி மாதிரி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அனுபவம் அதிகம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

காமன் ரெயிலிலும் விதிவிலக்கு ஒன்று உண்டு. ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் எஞ்சின். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்டோ, லீனியா என்று போட்டிக் கம்பெனிகளின் கார்களிலெல்லாம் அது குடியிருந்தது. ‘தேசிய எஞ்சின்’ என்று பட்டப்பெயரே வாங்கியது. பிஎஸ்-6 புகை விதி வந்த 2020-ல் இந்தியாவில் அதன் கதை முடிந்தாலும், அதன் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திய பிறகும் லீனியா டீசல் வைத்திருப்பவருக்கு எஞ்சின் சாமானில் பெரும்பகுதி மாருதிக் கடையில் கிடைக்கிறது. அவர் அலைவது கதவுக் கைப்பிடிக்கும் பின் விளக்குக்கும்தான்.

போன கம்பெனிகளின் கார் பொதுவாகவே தனிப் பாடு. செவர்லே கார்களை ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இங்கே விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலையில் 2022-ல் உற்பத்தியை முடித்தது. தவேராவும் ஃபிகோவும் பழுது பார்க்கக் கடினமான வண்டிகளே இல்லை. ஃபிகோவின் பானட்டுக்குள் தாராளமாகக் கை போகும். ஆனால் ஒரு சென்சருக்கோ கண்ணாடிக்கோ ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டி வரும்போது எளிய கார் கடினமான காராகிவிடுகிறது. இதிலும் ரகம் பார்க்க வேண்டும். ஈக்கோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சினில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு ஓடும். தப்பான ஆயிலை ஊற்றினால் பெல்ட் உரிந்து, அந்தத் துகள் ஆயில் வடிகட்டியை அடைக்கும். ஆயில் மாற்றுவது என்ற முதல் பாட வேலையே அங்கே படித்துச் செய்ய வேண்டிய வேலை.

ஐரோப்பியக் கார்களைப் பற்றி மதுரையில் ஒரு பயம் உண்டு. பாதி நியாயம், பாதி வதந்தி. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் சக்கரத்துக்கு நட்டு இல்லை, போல்ட்தான். சக்கரத்தைக் காலால் தாங்கிக்கொண்டு துளையை நேர் பார்த்துப் போல்ட்டைத் திருக வேண்டும். எரிச்சலான வேலை என்றாலும் முடியாத வேலையில்லை. நட்சத்திர வடிவத் தலையுள்ள திருகுகளுக்கு ஒரு செட் வாங்கினால் தீர்ந்தது. நிஜமான தலைவலி டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ஏழு கியர் உள்ள உலர் கிளட்ச் வகையில் கியர் மாற்றுவதை முடிவு செய்வது மெக்கட்ரானிக் என்ற பெட்டி. இந்த நேரடி-மாற்று கியர்பாக்ஸ்களுக்காகச் சீனாவில் 2013-ல் 3.8 லட்சம் கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது. வெயிலில் நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவது உலர் கிளட்சுக்கு ஆகாது. கீழவாசலில் மாலை ஆறு மணிக்கு வேறு எப்படிப் போக முடியும்?

விலை குறைந்த கார்களிலும் இதே சிக்கல் சின்ன உருவில் வந்துவிட்டது. 2014-ல் செலெரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி, சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நம் கால், கைக்குப் பதில் ஒரு இயந்திரம் மாற்றும். கிளட்ச் பிளேட்டை மரத்தடி மெக்கானிக் பழையபடி மாற்றிவிடுவார். மாற்றிய பிறகு புதுப் பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் வழியாக வண்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்காவிட்டால் கார் குலுங்கும், சில வேளை கியரே விழாது. கைவேலை முடிந்த இடத்தில் வண்டி நிற்கிறது, அதற்கு அப்புறம் அனுமதி வேண்டும்.

இந்த அனுமதிதான் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முள் சாக்கெட்டில் மலிவான புளூடூத் கருவியைச் செருகினால் எந்த சென்சர் மக்கர் பண்ணுகிறது என்று செல்போனில் பார்த்துவிடலாம். படிப்பது சுலபம், எழுதுவதுதான் கடினம். பல காமன் ரெயில் டீசல்களில் புது இன்ஜெக்டர் மாட்டினால் அதன் மேல் பொறித்த எண்ணை இசியு என்ற வண்டிக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் பின் பிரேக் பேட் மாற்றவே அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த எக்ஸ்யூவி 700 போன்ற கார்களில் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளந்து பொருத்த வேண்டும். ஒரு கல் தெறித்த செலவு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

டீசலுக்கு பிஎஸ்-6 இன்னொன்றையும் கூட்டியது: புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடினால் சேர்ந்த கரி தானே எரிந்துவிடும். அண்ணா நகரிலிருந்து சிம்மக்கல்லுக்கும் திரும்பவும் மட்டுமே ஓடும் டீசல் காரில் அது எரிய வாய்ப்பே வராது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஒரு தரம் மேலூர் வரை நாலுவழிச் சாலையில் போய்வந்தால் பல நேரம் சரியாகிவிடும். மதுரைக்காரர் ஸ்பேனர் இல்லாமல் செய்துகொள்ளக்கூடிய ஒரே பிஎஸ்-6 பழுதுபார்ப்பு இதுதான்.

பூட்டைப் போட்டது தொழில்நுட்பம் மட்டுமா என்ற கேள்வியை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்திருக்கிறது. 2011-ல் வந்த ஒரு புகாரின் பேரில் தொடங்கிய விசாரணை 2014 ஆகஸ்டு 25-ஆம் தேதி உத்தரவில் முடிந்தது. உதிரிபாகம், பழுது கண்டறியும் கருவி, தொழில்நுட்பக் கையேடு ஆகியவற்றை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது குற்றம் என்று சொல்லி, 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தாலே வாரன்டி போய்விடும் என்ற நிபந்தனையையும் அது கண்டித்தது. பட்டியலில் மாருதி, டாடா, மகிந்திரா, டொயோட்டாவோடு அம்பாசடரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸும் இருந்தது என்பது வேடிக்கை. ஆணையத்திடமிருந்து வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பர் 24-ல் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையதளம் திறந்தது. பண்ணைக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கும் அதில் அடக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார்களுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டது. நம் ஊரில் கம்பெனி ஸ்கேனருக்குச் சமமானதை வாங்க ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இன்னும் பெரிய தொகை போட வேண்டும். அதனால் பலர் அங்கீகாரமில்லாத மென்பொருளில் காலம் தள்ளுகிறார்கள். அது பாதியில் நின்று ஓர் இசியுவைக் கெடுத்தால் நஷ்டம் யார் தலையில் என்று எந்த ரசீதிலும் எழுதியிருப்பதில்லை.

ஊருக்கே உரிய சில வியாதிகளும் உண்டு. மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. ரேடியேட்டரில் அதை ஊற்றிப் பழகினால் உள்ளே கல் படிந்து, அலுமினியக் குழாய் அரித்து, மே மாதத்தில் ஹெட் கேஸ்கெட் போகும். கலந்த கூலன்ட் டப்பா ஒன்றை டிக்கியில் போட்டுவைப்பது எந்தக் காரிலும் உரிமையாளரே செய்யக்கூடிய, ஆனால் செய்யாத வேலை. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மழையில் செல்லூர், நரிமேடு பக்கம் வெள்ளம் சூழ்ந்ததுபோல் நேரும்போது அம்பாசடர் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துணியால் துடைத்து ஸ்டார்ட் செய்வார்கள். இன்று அப்படிச் செல்ஃப் அடித்தால் சிலிண்டரில் புகுந்த தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் கட்டி இழுத்துப் போவதே மலிவு.

மின்சார கார் இந்தக் கணக்கையெல்லாம் தலைகீழாக்குகிறது. 2020 ஜனவரியில் வந்த நெக்ஸான் இவியில் எஞ்சின் ஆயில் இல்லை, பிளக் இல்லை, கிளட்ச் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, சைலன்சர் இல்லை. மரத்தடி மெக்கானிக்கின் வருமானத்தில் பாதி இந்தப் பெயர்களிலிருந்துதான் வந்தது. பழுதாகும் இடங்கள் குறைவு என்ற அளவில் அது மிக எளிய கார். பழுதானால் மிகக் கடினமான காரும் அதுவே. ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது முந்நூறு வோல்ட்டுக்கு மேலான நேர் மின்சாரம். வண்டியை அணைத்த பிறகும் உள்ளே சில நிமிஷம் மின்சாரம் தேங்கியிருக்கும். காப்புக் கையுறையும் பயிற்சியும் இல்லாதவர் ஆரஞ்சு வயரைத் தொடவே கூடாது. ஏர்பேக்கின் மஞ்சள் வயருக்கும் அதே விதி. புதூர் அரசு ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்து வரும் பையன்கள் இனி ஸ்பேனர் அளவோடு இந்த நிறங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

இவ்வளவு பெரிய பேட்டரியைச் சுமக்கும் அந்தக் காரிலும் பழைய காரில் இருப்பதுபோல ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அதை நம்பித்தான். அது செத்தால் கீழே நிறைந்த சார்ஜ் இருந்தும் கார் அசையாது. ரோட்டில் நிற்கும் மின்சார காரின் உரிமையாளர் உதவி எண்ணை அழைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன பேட்டரியைத்தான். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, மாட்டும்போது வரிசையை மாற்றினால் போதும். அதை அவரே மாற்றிக்கொள்ளலாம்.